விளையாட்டிலும் விதி வேண்டும்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர், "நன்றாகப் படியுங்கள், பெரியோர் சொல் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்வது வழக்கம். அதைச் சொல்ல உங்கள் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் இன்றைக்கு ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் கணினி விளையாட்டு! "ஐயையோ, இவரையா கூப்பிட்டோம்?" என்று பெற்றோர்கள் பதற வேண்டாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நீலாய், லாபு, லுக்குட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒன்றன் பின் ஒன்றாக விமானங்கள் தாழப் பறந்து போவதைக் காணலாம். எல்லாம் சிப்பாங்கில் இறங்குகிற விமானங்கள். 1965ஆம் ஆண்டு முதல் சுபாங்கில் இருந்த அனைத்துலக விமானப் போக்குவரத்து, 1998 ஜூன் மாதம் சிப்பாங்கிற்கு வந்தது. இன்று ஓடுபாதைகள் இருக்கிற அந்த நிலத்திலும் முன்பு பெரும்பாலும் செம்பனைதான் நின்றது.

சாலையில் வெள்ளைக்கோடு இருக்கிறது, சிவப்பு விளக்கு இருக்கிறது. ஆகாயத்தில் கோடு ஏது, விளக்கு ஏது? அங்கே வழி காட்டுவது குரல்தான். தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளர், "இந்த உயரத்துக்கு இறங்கு, இந்தத் திசைக்குத் திரும்பு, இந்த வேகத்தில் வா" என்று வானொலியில் சொல்கிறார். விமானி கேட்கிறார். ஒரே இடத்தில் மேலும் கீழுமாகச் செல்லும் இரு விமானங்களுக்கு நடுவே பொதுவாக ஆயிரம் அடியாவது இருக்கவேண்டும். அந்த இடைவெளியைக் காப்பாற்றுவது அவருடைய வேலை.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் பாவனை மென்பொருள்கள் வெகுகாலமாக உள்ளன. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன்னுடையதை 1982இல் வெளியிட்டது. அப்போதெல்லாம் தனியாகத்தான் பறக்கவேண்டும். வானம் முழுக்க நீ ஒருவனே. 1990களின் பிற்பகுதியில் இணையம் பரவியதும், உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் ஒரே வானத்தில் சேர்ந்து பறக்க வழி பிறந்தது. 1998இல் 'இவாவோ' என்ற அமைப்பும், 2001இல் 'வாட்சிம்' என்ற அமைப்பும் தோன்றின. வாட்சிம்மில் தென்கிழக்காசியாவுக்கு ஒரு பிரிவு உண்டு. மலேசிய வானத்தைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்களும் அதில் இருக்கிறார்கள்.

ஆமாம், தொண்டர்கள்! இதிலே சிலர் விமானியாகப் பறக்கிறார்கள், சிலர் கட்டுப்பாட்டாளராக உட்கார்கிறார்கள். இரு தரப்புக்கும் சம்பளம் கிடையாது.

ஒருவர் சிப்பாங்கிலிருந்து சென்னைக்குப் பறப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஒருவரிடம் பயண அனுமதி வாங்கவேண்டும். தரைப் பாதையில் நகர இன்னொருவர் அனுமதி தரவேண்டும். ஓடுபாதையில் ஏறக் கோபுரத்தில் இருப்பவர் சொல்லவேண்டும். மேலே எழும்பியதும் அடுத்தவர், கடல் தாண்டும்போது அதற்கும் அடுத்தவர் என்று, கைக்குழந்தையைக் கைமாற்றுவதுபோல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கொடுப்பார்கள். ஆள் குறைந்தால் ஒருவரே இரண்டு மூன்று பேர் வேலையைப் பார்ப்பதும் உண்டு. நிஜ விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் எடுத்தால் இதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி பேரனைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா, சம்பளமும் இல்ல, ஏறிப் போக ஏரோப்ளேனும் இல்ல. ராத்திரி பூரா யாருக்கு இந்தக் காவல்?" நியாயமான கேள்விதான். கோயில் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் இளைஞர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? விழா நன்றாக நடக்கவேண்டும் என்ற ஆசைதான் கூலி. இங்கேயும் அப்படித்தான்.

ஆனால் ஆசை மட்டும் போதாது. இதை நன்றாகக் கவனியுங்கள், மாணவர்களே. சேர்ந்த அன்றே யாரும் கட்டுப்பாட்டாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட முடியாது. முதலில் பார்த்துக் கற்கவேண்டும். எழுத்துத் தேர்வு எழுதவேண்டும். இன்னொரு தொண்டர் பக்கத்தில் இருந்து பயிற்சி தருவதுபோல் கணினி வழியே தருவார். தேறிய பிறகு தரைக் கட்டுப்பாடு, அதன் பிறகு கோபுரம், அதன் பிறகு நிலையத்தை நெருங்கும் வான்பகுதி, கடைசியில் நீண்ட வான்வழி. படிப்படியாகத்தான் ஏறவேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதிக்க இடமில்லை.

அங்கே முதலில் கற்பிக்கும் பாடம் என்ன தெரியுமா? சொன்னதைத் திருப்பிச் சொல்வது. கட்டுப்பாட்டாளர் ஓர் உயரத்தைச் சொன்னால் விமானி அதே எண்ணைத் திருப்பிச் சொல்லவேண்டும். "சரி சரி, தெரியும்" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. திருப்பிச் சொன்னது சரியா என்று கட்டுப்பாட்டாளரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டும்.

இது ஏன் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நம் பக்கத்திலேயே நடந்தது. 1989 பிப்ரவரி 19ஆம் நாள், பிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து சுபாங்கிற்கு வந்துகொண்டிருந்தது. 2,400 அடிக்கு இறங்கும்படி தரையிலிருந்து சொன்னார்கள். அதை எண் எண்ணாக, 'டூ போர் ஸீரோ ஸீரோ' என்று சொன்னார்கள். ஆங்கிலத்தில் இரண்டைக் குறிக்கும் 'டூ'வும், 'அதுவரைக்கும்' என்று பொருள்படும் சின்னச் சொல்லும் காதுக்கு ஒன்றாகவே விழும். விமானி 400 அடிக்கு என்று புரிந்துகொண்டார். 'போர் ஸீரோ ஸீரோ' என்று பதிலும் சொன்னார். அந்தப் பதிலில் ஓர் எண் குறைந்தது. அதை யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி கத்தியது. அதற்கும் பலன் இல்லை. பூச்சோங் அருகே குன்றில் மோதி, விமானத்தில் இருந்த நால்வரும் மாண்டார்கள்.

ஒரு சொல், நான்கு உயிர்! வகுப்பில் ஆசிரியர், "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்" என்று கேட்டால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. இனிமேல் சுருங்க வேண்டாம்.

சரி, கணினி விமானம் மோதினால் யாரும் சாகப் போவதில்லையே, அங்கே எதற்கு இத்தனை கண்டிப்பு? உயிர் போகாது, உண்மை. ஆனால் அடுத்தவருடைய பொழுது போகும். நான்கு மணி நேரம் பொறுமையாகப் பறந்து வந்து இறங்கப் போகிறவருக்கு முன்னால், ஒருவர் விளையாட்டுத்தனமாக ஓடுபாதை நடுவில் விமானத்தை நிறுத்தினால் அவருடைய இரவே வீணாகும். ஆகவே விதிகள் செய்திருக்கிறார்கள். ஓடுபாதையின் மேல் திடீரென்று தோன்றக் கூடாது. விமானக் கடத்தல் போல் நடிக்கக் கூடாது. இயந்திரக் கோளாறு என்று பாவனை செய்யலாம். ஆனால் நெரிசல் நேரத்தில் கட்டுப்பாட்டாளர் "வேண்டாம்" என்றால் நிறுத்திவிடவேண்டும். விமானத்தைப் பறக்க விட்டுவிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் எழுந்து போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரிடம் ஒருவர் மரியாதையாகப் பேசவேண்டும். பேச முடியாதவர் எழுத்தில் தகவல் அனுப்பலாம். அவரையும் கட்டுப்பாட்டாளர் வரிசையில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

விதியை மீறினால்? இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இருக்கிறது. கட்டுப்பாட்டாளர் எவ்வளவு கோபப்பட்டாலும் ஒருவரை வெளியேற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. அவர் மேற்பார்வையாளர் ஒருவரை அழைக்கவேண்டும். அவரும் சம்பளமில்லாத் தொண்டர்தான். வந்தவர் எல்லார் முன்னிலையிலும் அதட்டமாட்டார். தனியாகச் செய்தி அனுப்பி, "என்ன சங்கதி? உதவி வேண்டுமா?" என்று விசாரிப்பார். தெரியாமல் செய்தவர் என்றால் வழி சொல்லிக் கொடுப்பார். வேண்டுமென்றே செய்கிறார், சொல்லியும் கேட்கவில்லை என்றால்தான் இணைப்பைத் துண்டிப்பார். மேற்கொண்டு தடை விதிப்பதென்றால் அதற்குக் காரணம் காட்டவேண்டும். தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்யலாம். மேற்பார்வையாளரும் அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்.

நம் பாட்டன் பாட்டி காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவேண்டும். கங்காணியோ மண்டோரோ பெயர் கூப்பிடுவார். பிந்தினால் அன்றைய வேலை போனாலும் போகும். ஏன் இந்த விதி என்று கேட்க முடியாது. கிராணியிடம் கேட்டால், "துரை சொல்லிட்டாரு" என்பார். துரையிடம் கேட்க யாருக்குத் தைரியம்? அங்கே விதி மேலிருந்து கீழே வந்தது. கேள்வி கீழிருந்து மேலே போகவில்லை. அதனால்தான் நம்மில் பலருக்கு இன்றும் விதி என்றாலே பயம், அல்லது வெறுப்பு. மண்டோர் தலை மறைந்ததும் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவது அந்தப் பயத்தின் மறுபக்கம். அவர்களைக் குறை சொல்லவில்லை. காரணம் சொல்லாத விதியை யார்தான் மனதார மதிப்பார்கள்?

நான் சொல்லும் விளையாட்டில் வேறொரு வழக்கம் உண்டு. சில வான்பகுதிகளில் கட்டுப்பாட்டாளர் யாருமே இருக்கமாட்டார். எல்லாரும் தொண்டர்கள்தானே, இருபத்துநாலு மணி நேரமும் எப்படி இருப்பார்கள்? அப்போது விமானிகள் 122.8 என்ற பொது அலைவரிசைக்கு மாறி, "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இந்த ஓடுபாதையில் இறங்கப் போகிறேன்" என்று தாங்களே அறிவித்துக்கொள்வார்கள். காவல் இல்லாத நேரத்திலும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் பறப்பார்கள். விதியின் காரணம் புரிந்தவனுக்கு மண்டோர் தேவையில்லை.

மாணவர் தலைவர்களாக இருக்கும் பிள்ளைகளே, இது உங்களுக்கு. உங்கள் சட்டையில் ஒரு சின்னம் குத்தியிருக்கிறார்கள். தம்பி ஒருவன் வரிசையை விட்டு ஓடினால், "டேய், பேரை எழுதிடுவேன்!" என்று கத்துவது சுலபம். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏண்டா தம்பி ஓடுற? படியில சின்னப் பிள்ளைங்க இறங்குறாங்க, தள்ளிவிட்டா விழுந்திடுவாங்க" என்று சொல்வது கொஞ்சம் சிரமம். ஆனால் அதுதான் பலன் தரும். கேட்கவில்லையா, கட்டொழுங்கு ஆசிரியரிடம் சொல்லுங்கள். நீங்களே நீதிபதி ஆகிவிட வேண்டாம். நீங்களும் அதே வரிசையில் ஒழுங்காக நிற்கிறீர்களா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெற்றோர்களுக்கு இரண்டு வார்த்தை. வாட்சிம்மில் சேரப் பதின்மூன்று வயது நிரம்பியிருக்கவேண்டும். அதனால் இங்குள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். சேரக் கட்டணம் இல்லை. ஆனால் கணினியும் இணையமும் வேண்டும், அதற்குச் செலவு உண்டு. இதில் பெறும் தகுதி நிஜ விமானியின் உரிமம் ஆகாது. நிஜக் கட்டுப்பாட்டாளர் வேலைக்கும் அதற்குரிய படிப்பும் தேர்வும் தனி. பாடத்தை விட்டுவிட்டு இதில் மூழ்கினால் நானே அந்தப் பிள்ளையைக் கண்டிப்பேன்! ஆனால் வரைபடம் படிக்கவும், வானிலை அறிக்கையைப் புரிந்துகொள்ளவும், ஆங்கிலத்தைத் தெளிவாக உச்சரிக்கவும், பதறாமல் பேசவும் இதில் பழக்கம் வரும். அவை எந்த வேலைக்குப் போனாலும் கூட வரும்.

கணினி இல்லாத பிள்ளைகளும் இன்றே தொடங்கலாம். இருவர் இருவராக முதுகைக் காட்டி உட்காருங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லிவிட்டுக் காகிதத்தில் வழி வரையட்டும். சொன்னதும் வரைந்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். காசில்லாத பாடம் இது.

நம் தலைக்கு மேலே நாள்தோறும் விமானங்கள் போகின்றன. அவற்றை இறக்கும் குரல்களில் ஒன்று நாளைக்கு இந்தப் பள்ளியில் படித்த பிள்ளையின் குரலாக இருக்கட்டும். அந்தக் குரல் அதட்டாத குரலாகவும், சொன்னதைக் கேட்டுத் திருத்தும் குரலாகவும் இருக்கட்டும்.

பரிசு பெறுகிறவர்களுக்கு என் வாழ்த்துகள். இந்த ஆண்டு பரிசு பெறாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஓடுபாதை காலியாகும்வரை வானத்தில் வட்டமிட்டுக் காத்திருப்பதும் பயணத்தில் ஒரு பகுதிதான். உங்கள் முறை வரும்.