மாத்திரையை இடையில் நிறுத்தலாமா?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

எச்.ஐ.வி. என்றாலே நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். அந்தத் தயக்கத்தால் யாருடைய சிகிச்சையும் நின்றுவிடக் கூடாது. அதற்காகவே ஓர் ஆராய்ச்சியாளரைப் பற்றி இன்று பேசுகிறோம்.

டேவிட் ஹோ 1952இல் தைவானில் பிறந்தவர். 12 வயதில், ஆங்கிலம் தெரியாமலே அமெரிக்காவில் குடியேறினார். 1981இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இளம் மருத்துவராக இருந்தபோது, அன்று பெயர்கூட இல்லாத இந்நோயோடு வந்தவர்களைக் கண்டார். அதுவே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியானது.

இக்கிருமி உடலில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கிறது என்றே அப்போது பலரும் எண்ணினர். அது உறங்கவில்லை, நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கோடி புதிய கிருமிகள் உருவாகின்றன என்று ஹோவும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் கணக்கிட்டுக் காட்டினர். இந்த வேகத்தில் பெருகும்போது கிருமியின் அமைப்பில் மாற்றங்கள் நேர்கின்றன. அப்படி மாறியவற்றில் சில, மருந்துக்கு அடங்குவதில்லை. ஒரே மருந்தைக் கொடுத்தால் அவை தப்பிவிடும். மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் தப்புவது மிகக் கடினம். கூட்டு மருந்து சிகிச்சையின் அடிப்படை இதுதான்.

ஹோ தலைமை வகித்த நியூயார்க் ஆரன் டைமண்ட் மையத்தின் ஆய்வாளர்கள், தொற்றிய தொடக்கத்திலேயே குடல் சுவரிலுள்ள எதிர்ப்பு அணுக்கள் பெருமளவு அழிவதை 2004இல் வெளியிட்டனர். குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கூறுகள் அந்தச் சேதமடைந்த சுவர் வழியே இரத்தத்தில் கசிந்து, உடலை ஓயாத அழற்சியில் வைக்கின்றன என்று 2006இல் வேறு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே, சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் விரைவில் தொடங்குவதே நல்லது.

இதில் நமக்கென்ன பாடம்? உடம்பு தேறிவிட்டது என்றோ, வீட்டார் பார்த்துவிடுவார்கள் என்றோ மாத்திரையை விட்டால், இரத்தத்தில் மருந்தின் அளவு குறையும். அடங்காத கிருமி தலைதூக்கும். பிறகு அதே மருந்து பலன் தராமல் போகலாம். அந்தக் கிருமி மற்றவருக்கும் தொற்றலாம். ரமளானில் மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமானால் மருத்துவரைக் கேளுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நம் நாட்டில் 2004 முதல் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இம்மருந்து இலவசம். 1097 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

ஒரே சஹனில் அமர்ந்து உண்பதால் இந்நோய் பரவாது. எனவே யாரையும் தனித்தட்டில் ஒதுக்க வேண்டாம். அவர் ஒளிக்காமல் மாத்திரை சாப்பிடும் வீடாக நம் வீடு இருக்கட்டும்.