ஈரத்தை மேலே வைப்போம்

(கேளம்பாக்கம் சமுதாய நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடைத்தெருவில் ஒரு தானியக் குவியல். அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி இது. மழை பெய்தது வியாபாரியின் குற்றமில்லை; ஈரத்தை அடியில் வைத்ததுதான் குற்றம்.

அந்தக் குவியல் நம் ஊரிலும் இருக்கிறது. உப்பளம் பார்த்து வளர்ந்த கேளம்பாக்கத்தில் இன்று தெருவுக்குத் தெரு மனை விற்பனைப் பலகை. கோடையில் காட்டும்போது மனை காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே தண்ணீர் தேங்குமா என்பது விற்பவருக்குத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. வாங்குபவரிடம் அதை முன்கூட்டியே சொல்கிறோமா? சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் கடனைச் சொல்கிறோமா? துபாயில் வேலை என்கிறோம். என்ன வேலை, என்ன சம்பளம் என்று சொல்கிறோமா? நிக்காஹ் முடிந்த பிறகு தெரியவந்தால் இரண்டு குடும்பங்கள் அல்லவா தவிக்கின்றன?

சபைக்குச் சபை முகத்தை மாற்றாமல் இருப்பதும் நேர்மையே. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றி விவாதம் நடந்தது. தொன்மைதான் அளவுகோல் என்றால் திராவிட மொழிகளை, அவற்றுள் தமிழை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அங்கே வாதிட்டார். பெரும்பான்மையோர் கேட்க விரும்பிய பேச்சா அது? இல்லை. முஸ்லிமாகவும் தமிழராகவும் ஒரே முகத்தோடு நின்றார். சிறுசேரி அலுவலகங்களுக்குப் போகும் நம் பிள்ளைகளும் தொழுகை நேரம் வந்தால் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டுப் போகலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்" என்று சிலர் பெருமைப்படுவார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் அடுத்தவர் குறையாகவே இருக்கும். நம் சரக்கின் ஈரத்தை மேலே வைக்கச் சொன்ன மார்க்கம், சகோதரனின் குறையை மூடிக் காக்கவும் சொல்கிறது. சம்பந்தம் விசாரித்து வருபவரிடம் மட்டும் தேவையான அளவு உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

உதவி கேட்டு வரும் குடும்பம் பாதிக் கடனை மறைக்கிறது. ஏன்? ஊர் பேசும் என்ற பயம். முழுக் கணக்கும் தெரியாமல் கொடுக்கும் உதவி வட்டிக்கே போய்விடுகிறது. கடன் அப்படியே நிற்கிறது. அவர்கள் உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், கேட்டதை வெளியே விடாத அமானிதம் நம்மிடம் இருக்க வேண்டும். வாங்கும் கையைப் படம் எடுத்துப் பகிர்ந்தால் அடுத்தவர் எப்படி வாய் திறப்பார்? ஆகவே பெயரும் படமும் வேண்டாம். ஆனால் வந்த பணம், கொடுத்த பணம் பற்றிய கணக்கை ஜமாஅத் முன் வைப்போம். அது நாம் மேலே வைக்க வேண்டிய ஈரம்.

உள்ளும் புறமும் ஒன்றாக வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.