குலவழிப் புற்றுநோயும் அதனை அறியும் சோதனையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீடும் நிலமும் மட்டுமன்றிச் சில நோய்களும் பெற்றோர் வழியாக மக்களைச் சேர்வன. மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் அவ்வாறு வருவதன்று. எனினும் ஒரு சிறு பகுதி குலவழியாக வருவதுண்டு. அதற்குக் காரணமான மரபணுவொன்று 17-ஆம் குரோமோசோமில் உளதென்று அமெரிக்க நாட்டு மேரி கிளேர் கிங் அம்மையார் 1990-ஆம் ஆண்டில் காட்டினார். பி.ஆர்.சி.ஏ. 1 என்பது அதன் பெயர். அதிற் பழுதுடைய பெண்களுள் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் தம் வாழ்நாளில் அந்நோயை அடைகின்றனர். பழுதுடையார் பெறும் ஒவ்வொரு மகவுக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அது செல்லப் பாதி வாய்ப்புண்டு. தந்தை வழியாகவும் வரும் என்பதைப் பலர் அறியார். முன்னரே அறிந்தவர் காலந்தோறும் பரிசோதித்துக்கொண்டு, நோயைத் தொடக்கத்திலேயே கண்டு உயிர் தப்புதல் கூடும்.

சோதனைக்குச் சிறிது குருதியோ உமிழ்நீரோ போதும். ஆயினும் அது ஏழையர்க்கு எட்டாதிருந்தது. அமெரிக்காவில் மிரியட் என்னும் கம்பெனி அம்மரபணுவின்மீது காப்புரிமை பெற்றுத் தானே தனியுரிமையாய்ச் சோதித்து வந்தது. கட்டணம் 3000 டாலருக்கு மேலாயிற்று. இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்த மாத்திரத்தால் அது ஒருவர்க்கு உரிமையாகாதென்று 2013 ஜூன் 13-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற கம்பெனிகளும் புகுந்தன. 2015-இல் 249 டாலருக்கே சோதனை கிடைத்தது.

விலை இறங்கியபின் யாவர்க்கும் எட்டியதன்றோ என்பீர்கள். எட்டவில்லை. அந்நாட்டுக் கறுப்பினப் பெண்களுக்கு இளமையிலேயே கொடிய வகை மார்பகப் புற்றுநோய் வருதல் மிகுதி. ஆயினும் வெள்ளையரினும் குறைவாகவே அவர்கள் இச்சோதனையைப் பெற்றனர். மருத்துவர்கள் அவர்களுக்கு அதனைக் குறைவாகவே பரிந்துரைத்தனர் என்று ஆராய்ச்சிகள் காட்டின. சோதிக்கப்பட்டோர் சிலராதலின், கண்ட வேறுபாடு தீங்குடையதோ அன்றோ எனத் துணிய இயலாத முடிவுகளும் அவர்களிடையே மிகுந்தன. ஆகவே, விலைக் குறைவு மட்டும் போதாது. உரியவர்க்கு உரிய காலத்தில் எடுத்துரைப்பாரும் வேண்டும்.

நம் இல்லங்களில் எடுத்துரைப்பார் யாவர்? பெண்ணின் திருமணம் தடைப்படும் என்றஞ்சி, பாட்டியும் அத்தையும் எந்நோயால் இறந்தனர் என்பதை நாமே மறைக்கின்றோம். மருத்துவர் முதற்கண் வினவுவதோ அதுவே! குடும்பத்தில் யாருக்கு, எவ்வயதில், எப்புற்றுநோய் வந்தது என்று இருவழியிலும் கேட்டு எழுதி வையுங்கள். இளமையில் வந்திருப்பினும், பலருக்கு வந்திருப்பினும், அவ்வேட்டை மருத்துவரிடம் காட்டிச் சோதனை வேண்டுமோ என்று வினவுங்கள். அதற்குக் காசு செலவில்லை. மறைத்த செய்தி மகளைக் காவாது.