வாடகைப் போரும் இனப்பகையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் கேபிள் தெரு என்றொரு தெரு உண்டு. 1936 அக்டோபர் 4 அன்று ஆஸ்வால்ட் மோஸ்லியின் கருஞ்சட்டைப் படை, யூதர் மிகுந்து வாழ்ந்த அப்பகுதி வழியே அணிவகுத்துச் செல்ல முற்பட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர் முயன்றும் வழி திறக்கவில்லை. யூதத் தையற்காரரும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளரும் சேர்ந்து நின்று தெருவை அடைத்தனர். அந்த உறவுக்கு ஒரு முன்கதை உண்டு. 1912-இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தபோது, அவர்தம் பிள்ளைகள் முந்நூறு பேருக்கு மேல் யூதர் வீடுகளில் உண்டு உறங்கினர். சோறிட்ட கையை அவர்கள் மறக்கவில்லை.

ஆனால் எல்லாரும் அப்படி இருந்துவிடவில்லை. வந்தேறிகளைத் தடுக்க வேண்டுமென்று 1901 முதலே அங்கு ஓர் இயக்கம் கூச்சலிட்டது; 1905-இல் அதற்குச் சட்டமும் கிடைத்தது. அதே கிழக்குப் பகுதியில் வளர்ந்த யூதக் கவிஞர் ஐசக் ரோசன்பர்க், 1918 ஏப்ரலில் பிரான்சுப் போர்முனையில் இங்கிலாந்துக்காக உயிர் நீத்தார். நாட்டுப்பற்றுக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? எனினும் அடுத்த தலைமுறையில் அவர் இனத்தாரின் கடைக் கண்ணாடிகள் உடைபட்டன.

கேபிள் தெருவின் வெற்றி பாடப்பெற்ற அளவுக்கு, அதன் பின் நிகழ்ந்தது பேசப்படுவதில்லை. ஐந்தே மாதங்களில், 1937 மார்ச்சு மாதம் நடந்த இலண்டன் மாவட்ட மன்றத் தேர்தலில், பெத்னல் கிரீன் பகுதியின் ஒரு தொகுதியில் மோஸ்லி கட்சி நூற்றுக்கு 23 வாக்குகள் பெற்றது. தெருவை அடைக்கலாம், வாக்குப்பெட்டியை எங்ஙனம் அடைப்பது?

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியவர் பில் பிராட்டின் என்னும் பொதுவுடைமையர். மோஸ்லியின் ஊர்வலம் ஒன்றை அவர் நேரில் கண்டார். பின்னே நடந்தவர்கள் கயவரல்லர். தொழிற்சங்கச் சின்னம் அணிந்த தொழிலாளர், மனைவி மக்களோடு நடந்து வந்தனர். ஒழுகும் கூரைக்கும் உயரும் வாடகைக்கும் யூதனே காரணம் என்று ஒருவன் சொல்லிக்கொடுத்தான். வேறு காரணம் சொல்ல ஒருவரும் அவர்கள் வாசற்படி ஏறவில்லை.

1937 ஜூன் மாதம் பேரகன் மேன்ஷன்ஸ் என்னும் குடியிருப்பில் இரு குடும்பங்களை வாடகை நிலுவைக்காக வெளியேற்ற ஆணை வந்தது. இரண்டுமே மோஸ்லி கட்சிக் குடும்பங்கள். கட்சிக்காரர்களிடம் முறையிட்டும் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. வந்தவர்கள் பொதுவுடைமையரே. அண்டை வீட்டாரைத் திரட்டி, வாசலை அடைத்து, ஆணையோடு வந்த அலுவலரைத் திருப்பியனுப்பி, அவகாசம் பெற்றுத் தந்தனர். அந்த வீட்டார் தம் பாசிச உறுப்பினர் அட்டைகளைக் கிழித்தெறிந்தனர் என்று பிராட்டின் பின்னாளில் எழுதியுள்ளார். பகைவன் வீட்டு வாசலில் காவல் நிற்பதென்பது எளிய செயலா? நெஞ்சு கசந்த யூத இளைஞர் பலர் அதை ஏற்றிருக்க மாட்டார். தெருவில் மோதுவதையே முதற்பணியாகக் கருதிய ஜோ ஜேக்கப்ஸ் கட்சியிலிருந்தே விலக்கப்பட்டார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. கருஞ்சட்டையரைத் தெருவில் தடுத்திராவிடின், யூதர் நிம்மதியாக வாடகைக் கூட்டம் நடத்தியிருக்க இயலாது.

ஸ்டெப்னி குடியிருப்போர் பாதுகாப்புச் சங்கம் அதன்பின் வளர்ந்தது. 1939-இல் லாங்டேல் மேன்ஷன்ஸ் மக்கள் 21 வாரம் வாடகை மறுத்தனர். முள்வேலிக்குப் பின்னே பெண்டிர் காவல் இருந்தனர். இறுதியில் வாடகை குறைந்தது, பழுதுபார்க்கும் பணிக்கும் உறுதி கிடைத்தது. யூதரும் யூதரல்லாதாரும் ஒரே படிக்கட்டில் நின்ற அந்த வாரங்கள், ஆயிரம் துண்டறிக்கைகளின் வேலையைச் செய்தன. 1945-இல் மைல் எண்டு தொகுதி பிராட்டினை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1950-இல் அவர் தோற்றார்.

பழைய யூதர் பெயர்ந்துபோன தெருக்களில் வங்காளிகள் குடியேறினர். 1978 மே 4 அன்று அல்தாப் அலி என்னும் ஆடைத் தொழிலாளி அங்கே இனவெறியால் கொல்லப்பட்டார். பத்தாம் நாள் ஏழாயிரம் பேர் அவர் சவப்பெட்டியின் பின் நடந்தனர். 1993 செப்டம்பரில் ஐல் ஆப் டாக்ஸ் பகுதியில் பிரித்தானியத் தேசியக் கட்சி ஒரு நகர்மன்ற இடத்தை ஏழே வாக்குகள் மிகுதியில் வென்றது. பேச்செல்லாம் வீடு ஒதுக்கீட்டைப் பற்றியே. மறு ஆண்டு மே மாதம் அவ்விடத்தை அக்கட்சி இழந்தது. அதன் வாக்குகளோ முன்னிலும் கூடியிருந்தன.