கடைசியாகத் திரும்பி வந்த பார்சல்



ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீண்டு கிடக்கிறது நம் தோல் தொழில். இங்கே தைத்த ஷூ கன்டெய்னரில் ஏறி ஐரோப்பாவுக்குப் போவது பழைய சங்கதி. ஒரே ஒரு ஜோடியை மதுரையில் ஒரு வீட்டு வாசலுக்கு அனுப்புவது வேறு தொழில். செல்போனில் படம் போட்டு பெல்ட்டும் மணிபர்சும் செருப்பும் விற்கிறவர்களுக்கு என்ன மாதிரி பார்சல் வசதி வேண்டும்? இதைக் கேட்டறிவதற்கும் ஒரு முறை உண்டு.

அப்படி விற்கிற ஒருவரிடம் "பாய், உங்களுக்கு என்ன வசதி வேணும்?" என்று கேட்டால், "ரேட்டைக் குறைங்க" என்பார். யாரைக் கேட்டாலும் அதுதான் வரும். அதற்குப் பதிலாக, "கடைசியா திரும்பி வந்த பார்சலைக் கொஞ்சம் காட்டுங்க பாய்" என்று கேளுங்கள். பெட்டி வெளியே வரும். அதோடு கதையும் வரும்.

அந்தப் பெட்டியை அளந்து பாருங்கள். நீளம் 34, அகலம் 22, உயரம் 12 சென்டிமீட்டர் என்று வையுங்கள். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பது கூரியர்காரர்களின் வழக்கம். ஏறக்குறைய 1.8 கிலோ வருகிறது. தராசில் வைத்தால் ஒரு கிலோதான் இருக்கும். கட்டணமோ பெட்டி அடைக்கும் இடத்துக்கு. ரேட் என்று அவர் சொன்னது உண்மையில் இந்தப் பெட்டியைத்தான். பெட்டியைச் சிறிதாக்க வழி சொன்னால் அவருக்கு அன்றைக்கே மிச்சம்.

ஏன் திரும்பி வந்தது என்றும் கேளுங்கள். ஏற்றுமதிக்குத் தைத்தே பழகிய ஊர் இது. ஐரோப்பிய அளவில் 42 என்பது நம்மூர்க் கடையில் ஏறக்குறைய 8. இந்தக் கணக்குப் புரியாமல் வாங்கியவர் திருப்பி அனுப்பினால், அதில் கூரியர்காரர் செய்வதற்கு ஒன்றுமில்லை. படத்துக்குக் கீழே அளவு அட்டவணை போட்டிருக்க வேண்டும்.

பொருள் வந்தபின் பணம் என்பதும் புதிதல்ல. 1877-லேயே நம் தபால் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்துவிட்டது. வாங்க மறுத்தால் சரக்கு அனுப்பியவரிடமே திரும்பும் என்ற தொல்லையும் அன்றிலிருந்தே இருக்கிறது. போன சரக்கும் வந்த பணமும் விற்பவருடைய நோட்டில் எந்தெந்தத் தேதியில் இருக்கின்றன என்று பாருங்கள். இடைப்பட்ட நாட்களில் அடுத்த தோலை எந்தக் காசில் வாங்கினார் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி.

பேசுவதோடு நிற்காமல், பார்சல் கட்டும் நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை வேளையில் பிக்கப் வண்டி வந்தால் சரக்கை யார் எடுத்துக் கொடுப்பது? மழைக்காலத்தில் தோலில் பூசணம் பிடிக்காமல் என்ன வைத்துக் கட்டுகிறார்கள்? இதெல்லாம் கேள்வித்தாளில் அகப்படாது.

இன்னொன்று. நன்றாக விற்கிறவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ரிட்டர்ன் செலவு கட்டுப்படியாகாமல், மறுபடி மொத்த வியாபாரியிடமே சரக்கைப் போடத் தொடங்கியவர்களையும் தேடிப் பிடியுங்கள். இந்தப் பகுதியில் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் பெண்கள் உண்டு. அவர்களில் ஒருவர் சொந்தமாக விற்க நினைத்தால், பார்சலை யார் கொண்டுபோய்ப் பதிவு செய்வார்? கூரியர் ஆள் யார் நம்பருக்குப் போன் செய்வார்? ஒரு பெண்ணை அனுப்பி, அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள்.