பருவத்துக்கும் விவாகத்துக்கும் இடையே: மாநாட்டுத் தலைமை உரை



பனியன் தொழிலால் உலகச் சந்தையில் பெயர் பெற்ற இந்தத் திருப்பூரில், அத்தொழிலுக்கு நூல் கொடுக்கும் ஆலைகளிலும், நூலைத் துணியாக்கித் தைத்து அனுப்பும் கம்பெனிகளிலும், இருபது பிராயம் எட்டாத பெண்மக்களின் உழைப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அறியாதவர் இவ்வவையில் இரார். ஆனால் அவர்களுடைய தேக ஆரோக்கியத்தை, அதிலும் வாய்விட்டுப் பேச நாம் கூசுகின்ற கருப்பை நலத்தை, யாருடைய பொறுப்பில் விட்டிருக்கிறோம் என்று கேட்டால், விடை சொல்ல முன்வருவோர் மிகச் சிலரே.

சில தலைமுறைகளாக நடந்ததைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்று நிர்ணயித்தபோது, அதற்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் வைதிகர்களின் கடும் எதிர்ப்பைத் தாங்க நேர்ந்தது. 1978-இல் அது 18 ஆயிற்று. சட்டமும் கல்வியும் சேர்ந்து, பருவம் எய்துவதற்கும் விவாகத்துக்கும் இடையே முன்பு சில மாதங்களாக இருந்த காலத்தை ஆறேழு ஆண்டுகளாக நீட்டித் தந்தன. இது நம் சமூகம் அடைந்த பெரும்பேறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தப் புதிய ஆண்டுகளுக்கு உரிய மருத்துவ ஏற்பாட்டை நாம் செய்யவில்லை. பள்ளியில் இருக்கும்வரை அவள் மாணவி. கருவுற்றபின் அவள் தாய். இரண்டுக்கும் பதிவேடு உண்டு. இடைப்பட்டவளுக்கு உள்ள ஏற்பாடுகளோ, அவள் சொந்த ஊரில் வீட்டிலேயே இருக்கிறாள் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்டவை.

அவள் வீட்டில் இல்லை. தேனியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும், இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும், புரோக்கர் கைகாட்டிய வேனில் ஏறி மில் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டாள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று ஆண்டு உழைப்பின் இறுதியில் கல்யாணச் செலவுக்கென மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி நடந்த ஏற்பாடு, சரியாக இந்த இடைக்காலத்தின் மேலேயே வந்து அமர்ந்தது. அத்திட்டத்தின் பெயர் இன்று சுவரொட்டிகளிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் துணையோடு கூட்டமாக வெளியே போய் வரும் வழக்கம் பல இடங்களில் மறையவில்லை.

இதன் விளைவைப் பாருங்கள். கிராமத்து வளரிளம் பெண்களுக்கு விலையின்றி நாப்கின் தரும் புது யுகம் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. வாரம் ஒன்றாக இரும்புச்சத்து நீல மாத்திரையும் உண்டு. பள்ளியில் இல்லாதவளுக்கு அம்மாத்திரை அங்கன்வாடியில் கிடைக்கும். எந்த ஊர் அங்கன்வாடியில்? அவள் பெயர் பிறந்த ஊரில் இருக்கிறது, அவளோ இங்கே இருக்கிறாள். நாப்கினும் இரண்டு மாதத்துக்கு ஆறு கொண்ட மூன்று பாக்கெட், அதாவது மாதத்துக்கு ஒன்பது. எட்டு மணி நேரமும் நின்றே வேலை செய்பவளுக்கு அது இரண்டு மூன்று நாளைக்கு மேல் போதாது.

தையல் வரிசையில் ஓவர்லாக் டெய்லரின் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவள் நகர்ந்தால் டெய்லரின் கை நிற்கும். டெய்லரின் கை நின்றால் பீஸ் குறையும். ஆகையால் கழிப்பறைக்குப் போவதற்குக்கூடச் சூப்பர்வைசரின் முகம் பார்க்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், உறையும் பெயரும் இல்லாத ஒரு மாத்திரை அவள் உள்ளங்கையில் வைக்கப்படும். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலாளப் பெண்கள் ஏறக்குறைய நூறு பேரிடம் விசாரித்து வெளியிட்டது இந்த மாத்திரையின் கதையைத்தான். ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவ அறையும் செவிலியரும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்து எத்தனையோ காலமாகிறது. ஆனால் அவளுக்குக் கிடைப்பதோ வெறும் வயிற்றில் வலிநிவாரணி, அதன்மேல் சோகை; தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுடையோர் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் நிலையில், இது சிகிச்சை அன்று, தீங்கு.

கொங்கு நாட்டில் பெண் பருவமெய்தியதைக் கொண்டாடும் திரட்டிச் சீர் எவ்வளவு விமரிசையாக நடக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு மனவருத்தமே மிஞ்சுகிறது. தாய்மாமன் சீர் வருகிறது, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டப்படுகின்றன, ஊரே கூடி வாழ்த்துகிறது. உளுந்தின் அருமையை அறிந்திருந்த நம் பாட்டிமார்கள் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் ஊரறிய விழா எடுத்த அந்த உடலில் நிகழ்வது இன்னதென்று அவளுக்கு எடுத்துச் சொல்ல, அத்தனை பேர் கூடிய பந்தலில் ஒருவரும் இல்லை. சீர் முடிந்து ஆலைக்கு வரும் பெண் அந்த அறியாமையோடுதான் வருகிறாள்.

மருத்துவ நண்பர்களிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கூற வேண்டும். பதினெட்டு நிரம்பாத பெண் கருவுற்று வந்தால், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையை நினைத்து மருத்துவரும் அஞ்சுகிறார், பெண்ணும் அஞ்சுகிறாள். அஞ்சியவள் போலி வைத்தியரிடம் போகிறாள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், அப்பெண்ணும் பாதுகாவலரும் வேண்டினால் கருக்கலைப்புக்காக வந்தவளின் பெயர் முதலிய அடையாளங்களை மருத்துவர் காவல்துறைக்குத் தரும் அறிக்கையில் வெளியிடத் தேவையில்லை என்று தீர்ப்பளித்திருக்கிறது. இத்தீர்ப்பு ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் தமிழில் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே நம் மாநாட்டில் சுகாதார நிலையங்களின் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் விவாதிக்க வேண்டாம். புறநோயாளிப் பிரிவு பகலில் நடக்கிறது, ஆலைப் பெண்ணின் ஷிப்டும் பெரும்பாலும் பகலில் நடக்கிறது. அரை நாள் கூலியை இழந்தாலன்றி அவளால் அங்கே போக முடியாது. செவிலியர் ஹாஸ்டலுக்கே மாலையில் செல்வதற்கும், நிர்வாகத்தார் காதுக்கு எட்டாமல் அவளோடு தனித்துப் பேசுவதற்கும், பிறந்த ஊரில் உள்ள பெயரை இங்குள்ள பதிவேட்டுக்கு மாற்றுவதற்கும் யார் உத்தரவிட வேண்டும், அதற்கு எந்த விதி தடையாயிருக்கிறது என்பதை இவ்விரண்டு நாளில் ஆராய்ந்து, அரசுக்கும் ஆலை உரிமையாளர் சங்கங்களுக்கும் அனுப்பத் தக்க வாசகத்தை எழுதி முடிப்போமாக. அதற்கான சாட்சியங்களில் முதலாவதாக, ஹாஸ்டல்களில் பணியாற்றிய செவிலியர்களின் அனுபவ உரையை இப்போது தொடங்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.