டயப்பர் தடியா இருந்தா போதுமா?

காரைக்கால்ல மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ‘அடல்ட் டயப்பர்’னு கேட்கிறவங்க குறைவு. ‘பெரியவங்க பேம்பர்ஸ் இருக்கா?’ன்னுதான் கேட்பாங்க, அதையும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. கடைக்காரர் ரெண்டு மூணு பாக்கெட்டை எடுத்து வைப்பார். வந்தவர் விரலால அமுக்கிப் பார்ப்பார். எது மெத்துமெத்துனு தடியா இருக்கோ அதை வாங்கி, கறுப்பு கவர்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவார். மாம்பழம் வாங்கும்போது கூட நாம இதைவிட அதிகமா பேசுவோம்.

இன்னைக்கு எபிசோட் அந்த விரல் அமுக்கலைப் பத்தித்தான். தடியா இருந்தா நிறைய உறிஞ்சுமா?

எனக்கு இது ஏன் முக்கியம்னா, ஊர்ல எங்க அப்பாயி இருக்காங்க. 84 வயசு. கூட இருந்து பார்த்துக்கிறது அத்தை. சென்னையில வேலை பார்க்குற என் பொறுப்பு, மாசா மாசம் டயப்பர் ஆர்டர் போடுறது. இதைக் கேட்டுக்கிட்டு இருக்குற உங்கள்ல பலருக்கும் இதே வேலை வந்திருக்கும். ஆப் இருக்குறது நம்ம போன்ல, அதனால தேர்வும் நம்ம தலையில.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். வீட்டுல ஒருத்தருக்குத் திடீர்னு சிறுநீர் கட்டுப்பாடு போச்சுன்னா, டயப்பருக்கு முன்னாடி டாக்டர். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, புராஸ்டேட் வீக்கம், கடுமையான மலச்சிக்கல், சில மாத்திரைகள், இதுல எது வேணும்னாலும் காரணமா இருக்கலாம். பலதும் சரி பண்ணக்கூடியது. ‘வயசாச்சுன்னா அப்படித்தான்’னு நாமளே தீர்ப்பு எழுதிடக் கூடாது.

சரி, டயப்பருக்கு வருவோம். ஒரு டயப்பரைக் கத்திரிக்கோலால வெட்டிப் பாருங்க. உடம்புல படுற பக்கம் மெல்லிசா, துணி மாதிரி ஒரு படலம். அது பருத்தி இல்லை, பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் இழை. ஈரத்தைத் தன்கிட்ட வச்சுக்காம கீழே அனுப்புறதுதான் அதோட வேலை. அதுக்கு அடியில, நல்ல தயாரிப்பா இருந்தா, இன்னொரு சின்ன அடுக்கு இருக்கும். ஒரே இடத்துல கொட்டுற ஈரத்தை வேகமா வாங்கி அக்கம்பக்கம் பரப்பி விடுறது அது. அதுக்கும் கீழேதான் விரல்ல தட்டுப்படுற பஞ்சு. மரக்கூழ்ல செஞ்சது. அந்தப் பஞ்சை உதறினா உப்புத்தூள் மாதிரி வெள்ளையா உதிரும். முக்கியமான ஆள் அதுதான்: சோடியம் பாலிஅக்ரிலேட், அதீதமா உறிஞ்சுற ஒரு பாலிமர். சப்ஜா விதை ஊறினா எப்படிக் கொழகொழன்னு ஆகுதோ, அதே மாதிரி இந்தத் தூளும் நீரை இழுத்து ஜெல்லா மாறிடும்.

இந்த வகைப் பொருளோட கதை விவசாயத்துல ஆரம்பிக்குது. அமெரிக்க விவசாயத் துறைக்கு இல்லினாய் மாநிலத்துல பியோரியான்னு ஒரு ஊர்ல ஆய்வகம் இருக்கு. அங்கே 1960-கள், 70-கள்ல சோள மாவுச்சத்தை வச்சு, மண்ணுல ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற பொருள் ஒண்ணு தேடினாங்க. கிடைச்சதுக்கு ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’னு பேர் வந்துச்சு. காவிரிக் கடைமடையில தண்ணி எப்ப வரும்னு பார்த்துக்கிட்டு இருக்குற எங்க ஊர்க்காரங்களுக்கு அந்தத் தேடல் நல்லாவே புரியும். அப்புறம் அந்த வகைப் பாலிமர் நாப்கினுக்கும் டயப்பருக்கும் போச்சு. டயப்பர் மெலிய ஆரம்பிச்சது அப்போதான்.

ஏன் மெலிஞ்சது? பஞ்சு தன் எடையைப் போல பல மடங்கு நீரைப் பிடிக்கும். ஆனா அமுக்கினா விட்டுடும். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரி. ஜெல் அப்படியில்லை, அமுக்கினாலும் பெரும்பகுதியைப் பிடிச்சு வச்சுக்கும். உட்கார்ந்திருக்குற பெரியவரோட மொத்த எடையும் அந்த டயப்பர் மேலதான இருக்கு? அதனால, பஞ்சு நிறையவும் பாலிமர் கொஞ்சமாவும் இருக்குற ஒரு தடி டயப்பர், கடையில விரலுக்கு நல்லா இருக்கும். வீல்சேர்ல உட்கார்ந்ததும் பிழிஞ்சு விட்டுடும்.

இணையத்துல நிறைய வீடியோ இருக்கு, டயப்பர் மேல ஜக்குல குழாய்த் தண்ணி ஊத்திக் காட்டுறது. ‘பாருங்க, ஒரு லிட்டர் குடிச்சிருச்சு!’ம்பாங்க. அதை நம்பாதீங்க. இந்தப் பாலிமர் சுத்தமான தண்ணியில தன் எடையைப் போல நூத்துக்கணக்கான மடங்கு இழுக்கும். உப்பு கலந்த நீர்ல அது சுமார் 30 முதல் 50 மடங்கா சுருங்கிடும். சிறுநீர்ல உப்பு இருக்கே! பாலிமருக்குள்ளயே சோடியம் இருக்கு, அதுதான் தண்ணியை உள்ளே இழுக்குது. வெளியில இருக்குற நீர்லயும் உப்பு இருந்தா அந்த இழுப்பு குறைஞ்சிடும். மேல எடையும் ஏறினா இன்னும் குறையும்.

பாக்கெட்டுல போடுற மில்லி கணக்கும் இதே மாதிரி ஒரு விஷயம். எங்க எதிர்வீட்டுல ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆனவங்களை காரைக்கால்ல சொல்தான்னுதான் சொல்வோம். அவர் பொண்ணு பாரிஸ்ல இருந்து வரும்போது டயப்பர் பாக்கெட் கொண்டு வருவாங்க. ஒண்ணுல ‘ழூர்’, இன்னொண்ணுல ‘நுய்’. பகல், இரவு. கூடவே துளித்துளியா படம், எத்தனை துளி நிறம் அடிச்சிருக்கோ அத்தனை உறிஞ்சும் அளவு. இதுக்கெல்லாம் பின்னால 1996-ல வந்த ஐஎஸ்ஓ 11948 சோதனை முறை இருக்கு. ராத்வெல் முறைன்னு சொல்வாங்க. டயப்பரை முழுசா திரவத்துல ஊறப்போட்டு, வடிய விட்டு, எடை பார்க்குறது. ரெண்டு டயப்பரை ஒப்பிட உதவும். ஆனா வீட்டுல யாரும் டயப்பரை ஊறப்போட்டு மாட்டிக்கிறதில்லையே. ஒரே இடத்துல, ஒரே நேரத்துல, எடையோட ஈரம் விழுது. அதனால பாக்கெட்டுல இருக்குற அளவு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கசிஞ்சிடும்.

வீட்டுலயே ஒப்பிட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. ஒரு லிட்டர் தண்ணியில 9 கிராம் உப்பு கலந்துக்கோங்க. டயப்பரை விரிச்சு, நடுவுல 200 மில்லி வேகமா ஊத்துங்க. எவ்வளவு நேரத்துல உள்ளே போகுதுன்னு பாருங்க. பத்து நிமிஷம் விட்டு இன்னொரு 200, மறுபடி பத்து நிமிஷம் விட்டு இன்னொண்ணு. அப்புறம் மேல நாலஞ்சு டிஷ்யூ பேப்பரை அடுக்கி, 5 கிலோ அரிசிப் பையை ஒரு நிமிஷம் வச்சு எடுங்க. டிஷ்யூ எவ்வளவு நனைஞ்சிருக்கோ, அவ்வளவு ஈரம் தோலுக்குத் திரும்பி வரும்னு அர்த்தம்.

போன லீவுல எங்க வீட்டுத் திண்ணையில மூணு வகையை வச்சுப் பார்த்தோம். அத்தை ஸ்டாப்வாட்ச். கையில எடுத்தா கனமா, தடியா இருந்தது முதல் 200-ஐ சட்டுன்னு வாங்கிக்கிச்சு. ஆனா கடைசியில டிஷ்யூவைப் பிழியலாம் போல இருந்துச்சு. மெல்லிசா இருந்த ஒண்ணுல டிஷ்யூ லேசா ஈரம், அவ்வளவுதான். ‘ஆகா, மெல்லிசுதான் ஜெயிச்சது’ன்னு நினைச்சா, மூணாவதா ஒரு மெல்லிசு இருந்துச்சு, விலையும் குறைவு. அதுல முதல் 200-ஏ தேங்கி நின்னு பக்கவாட்டுல ஓடிடுச்சு. பஞ்சும் கம்மி, பரப்புற அடுக்கும் இல்லை. தூள் ஜெல்லா மாற நேரம் எடுக்கும், அதுவரைக்கும் ஈரத்தைத் தாங்கிப் பிடிக்க ஏதாவது வேணும்ல. ஆக, மெல்லிசும் ஒரு சான்றிதழ் இல்லை. எவ்வளவு வேகமா வாங்குது, எடை ஏறினா எவ்வளவு பிடிச்சு வைக்குது, தோல் பக்கம் எவ்வளவு உலர்ந்திருக்கு, இந்த மூணும்தான் கேள்வி. விரலுக்கு இந்த மூணுமே தெரியாது.

தடிமன் இன்னொரு விதத்துல படுத்தும். காரைக்கால் கடலோர ஊர். வெயில் காலத்துல சும்மா உட்கார்ந்தாலே சட்டை முதுகுல ஒட்டிக்கும். அந்தப் புழுக்கத்துல இடுப்பைச் சுத்தி தடியா பஞ்சும் வெளியில பிளாஸ்டிக்கும் இருந்தா, வேர்வையே போதும் தோல் ஊறிப்போக. தோல் இயல்பா லேசான அமிலத்தன்மையில இருக்கும். சிறுநீர் தேங்கி அம்மோனியா உருவானா அது மாறும், மலமும் சேர்ந்தா இன்னும் வேகமா புண்ணாகும். வெளிப்படலம் காத்து போற வகையான்னு கேட்டு வாங்குங்க. தொட்டா துணி மாதிரி இருக்குற எல்லாமே காத்து விடுற வகை இல்லைங்கிறதையும் சேர்த்துச் சொல்லிடறேன்.

‘பழைய வேட்டித் துணியே நல்லது’ன்னு ஊர்ல சொல்வாங்க. அடிக்கடி மாத்த ஆள் இருந்தா, நல்ல வெயில் இருந்தா, சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில நாள் முழுக்கத் துவைச்ச துணியை எங்கே காயப்போடுறது? அந்தத் துவைக்கிற கை யாரோடதுன்னும் கேட்கணும். எங்க வீட்டுல அது அத்தையோட கை.

க்ரீம் விஷயம் ஒண்ணு. புண்ணு வரக் கூடாதுன்னு எண்ணெய்ப்பசை உள்ள க்ரீமை அப்பி வைப்பாங்க. அது டயப்பரோட மேல்படலத்துல ஒட்டி, ஈரம் உள்ளே போற வழியை அடைச்சிடும். மெல்லிசா ஒரு பூச்சு போதும். அதே மாதிரி, ‘ராத்திரி கசியுது’ன்னு ஒரு டயப்பருக்குள்ள இன்னொண்ணை வைக்கிற பழக்கம். உள்ளே இருக்குறதோட அடிப்பக்கம் பிளாஸ்டிக். நிரம்பினா கீழே இருக்குறதுக்குப் போகாது, பக்கவாட்டுலதான் வழியும். காசும் ரெட்டிப்பு, சூடும் ரெட்டிப்பு.

கசிவுக்குப் பல நேரம் காரணம் அளவுதான். இடுப்பை மட்டும் பார்க்காம, புட்டத்தோட அகலமான சுற்றளவை டேப் வச்சு அளங்க. ‘பெருசா இருந்தா நிறைய பிடிக்கும்’னு எக்ஸ்எல் வாங்கினா தொடைப் பக்கம் இடைவெளி விழும். ஆண்களுக்கு முன்பக்கம் உறிஞ்சுற பகுதி அதிகம் வேணும், பெண்களுக்கு நடுவுல. மல்லாந்து படுத்தா ஈரம் பின்பக்கம் ஓடும். மொத்தக் கொள்ளளவு எவ்வளவு இருந்தாலும், ஈரம் விழுற இடத்துல இல்லைன்னா பிரயோஜனமில்லை.

அப்பாயி விஷயத்துக்கு வர்றேன். டயப்பர் போட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல அவங்க தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுட்டாங்க. சாயங்காலக் காபியை ‘வேணாம்’ன்னாங்க. கேட்டா பசியில்லைம்பாங்க. அத்தைக்கு ராத்திரி எழுந்திரிக்கிற வேலை குறையட்டும்னு ஒரு கணக்கு, அவ்வளவுதான். தண்ணி குறைஞ்சா சிறுநீர் கெட்டியாகும், எரிச்சல், தொற்று, வயசானவங்களுக்குக் குழப்பமான பேச்சு கூட வரலாம். ராத்திரி ஈரத்தை அது நிறுத்தவும் நிறுத்தாது, ஏன்னா வயசாக ஆக சிறுநீர் ராத்திரியிலதான் அதிகம் உருவாகும். பகல் முழுக்கக் காலில் தேங்கின நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி வரும்.

இன்னொண்ணும் நின்னு போச்சு. ஆனி மாசப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. காரைக்கால் அம்மையார் கோயில் சாமி ஊர்வலம் வரும்போது மாடியில இருந்து மாங்கனியை வீசுவாங்க, கீழே ஜனம் பிடிக்கும். அப்பாயி வருஷா வருஷம் பார்த்த திருவிழா. ‘சேலைக்கு மேல புடைப்பா தெரியுதுடா, நான் எங்க வர்றது’ன்னாங்க. ஒரு டயப்பர் எத்தனை மில்லி பிடிக்கும்னு நாங்க கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தோம். அவங்க கணக்கு, எதிர்வீட்டுக்காரங்க கண்ணுக்கு என்ன தெரியும்ங்கிறது. இப்போ பகல்ல மெல்லிசான, ஜட்டி மாதிரி போட்டுக்கிற வகை. ராத்திரிக்கு ஒட்டுப்பட்டை வச்ச, அதிகம் பிடிக்கிற வகை. இந்த ஆனியில ரெண்டு மணி நேரம் நாற்காலி போட்டு வாசல்ல உட்கார்ந்தாங்க. ஒரு மாங்காயும் பிடிச்சாங்க. மடியிலதான் வந்து விழுந்துச்சு, ஆனா பிடிச்சதாத்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

காசு. ஒரு பீஸ் விலையைப் பார்க்காதீங்க, ஒரு நாள் விலையைப் பாருங்க. மூணு தடவை மாத்துற மலிவானதுக்கும் ரெண்டு தடவை மாத்துற நல்லதுக்கும் கணக்குப் போட்டா வித்தியாசம் பெரும்பாலும் கொஞ்சம்தான். அதுக்காக ‘இன்னும் பிடிக்கும்’னு நாள் முழுக்க விட்டுடக் கூடாது. மூணு நாலு மணிக்கு ஒரு தடவை பார்க்கணும், மலம் போனா உடனே மாத்தணும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து டயப்பருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆகியிருக்கு. பழைய ஸ்டாக்கா, புது விலையான்னு பில்லைப் பாருங்க.

கடைசியா, கழட்டினது எங்கே போகுது? டாய்லெட்ல போட்டா பாலிமர் ஊதிக் குழாயை அடைச்சிடும். எரிச்சா பிளாஸ்டிக் புகை. வாய்க்கால்ல எறிஞ்சா அரசலாறு வழியா நேரா எங்க கடற்கரைக்குத்தான் வந்து சேரும். 2016 திடக்கழிவு விதிகள்ல, தயாரிப்பாளர்கள் டயப்பரோட அப்புறப்படுத்துறதுக்கான பை தரணும்னு சொல்லியிருந்தாங்க. நாம அதுல சுத்தித் தனியா கொடுக்கணும். பை வரலைன்னா, மலத்தைக் கழிப்பறையில தட்டிட்டு, இறுக்கமா சுருட்டி, பேப்பர்ல சுத்தி, குப்பை வண்டிக்காரங்க கிட்ட ‘இது டயப்பர்’னு வாயைத் திறந்து சொல்லிக் கொடுங்க. வெறுங்கையால பிரிக்கிறது அவங்கதான்.

படுக்கையிலயே இருக்குறவங்களுக்கு வர்ற புண் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அது டயப்பரோட மட்டும் முடியுற விஷயமில்லை. திருப்பிப் படுக்க வைக்கிற முறையில இருந்து ஆரம்பிக்கணும், அதுக்குத் தனி எபிசோட் வேணும். அடுத்த வாரம் அதைப் பேசுவோம்.